இரவு ஏழு முதல் ஒன்பது வரை

செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்று, தக்கலையில் வசிக்கும் ‘சிஸ்டர்’ வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். எனக்கு 29 வயது. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தேன். அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தோல் உரிக்கும் வேலை. வீட்டுக்காரர் கேரளத்தில் கொத்தனார், சனிக்கிழமைதான் வருவார். இரண்டு பிள்ளைகள். இரவு ஏழிலிருந்து ஒன்பது வரைதான் எனக்கென்று நேரம். வீட்டிலிருந்தே ஓராண்டு ‘நர்சிங் டிப்ளமோ’ படிக்கலாம், கட்டணம் 38,000 ரூபாய், தவணையில் கட்டலாம் என்று ஒருவர் வந்து சொன்னார். மகளிர் குழுவில் சேர்த்த 22,000 ரூபாய் இருக்கிறது. சேரலாமா?
— பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், மகளே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பணம் குழுக் கணக்கிலேயே இருக்கட்டும்.

என் அம்மாவும் அண்டியாபீசில்தான் இருந்தார். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் அவருக்கு. 1981-இல் தம் கம்மலைக் கழற்றி அடகு வைத்து, அஞ்சல்வழியில் செவிலியர் படிப்பு நடத்திய ஓரிடத்துக்கு எனக்காக 240 ரூபாய் மணியார்டர் அனுப்பினார். மூன்று புத்தகங்கள் வந்தன. எட்டு மாதம் கழித்துச் சிவப்பு முத்திரை வைத்த சான்றிதழும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். மேட்ரன் அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வைத்து எந்தக் கவுன்சிலில் பதிவு செய்வாய்?" என்று கேட்டார். கம்மல் மூழ்கிப்போனது. உங்களிடம் வந்தவரிடம் நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

செவிலியராக வேலை பார்க்க மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1926-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, செவிலியர் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. மூன்றுமே பகலில் வகுப்புக்கும் வார்டுக்கும் போய்ப் படிப்பவை. தபாலிலோ செல்போனிலோ இவற்றை முடிக்க முடியாது. மருத்துவம் சார்ந்த மற்றப் படிப்புகளிலும் இப்போது கெடுபிடி வந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் உத்தரவிட்டிருக்கிறது.

கடுமையாகத் தோன்றும். ஆனால் வார்டில் நின்றவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். 1998-இல் எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு பெண் வீட்டிலிருந்தே படித்தவள். எதைக் கேட்டாலும் புத்தகத்தில் உள்ளபடி தப்பில்லாமல் சொன்னாள். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்குக் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். மல்லாந்து படுத்திருந்தவரின் வாயில் அப்படியே கரண்டியை வைத்துவிட்டாள். புரையேறி முகம் நீலம் பாய்ந்தது. நான் பக்கத்துக் கட்டிலில் இருந்ததால் ஓடிப்போய்ப் புரட்டினேன், பிழைத்தார். முதுகுக்கு அணை கொடுத்து உட்கார வைக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய், முடிந்ததும் அரை மணி நேரமாவது சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு இதைச் செய்து காட்ட யாரும் இருந்ததில்லை. அன்று அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்படியானால் உங்கள் இரண்டு மணி நேரம் வீணா? இல்லவே இல்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுக்குச் செவிலியர் பாடநூல் தமிழிலேயே இருக்கிறது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். தினம் நான்கு பக்கம் படியுங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்று மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், பிள்ளைகள் தூங்கியதும் மாமியார் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். மருந்துச் சீட்டில் ‘பி.டி.’ என்றால் நாளுக்கு இருவேளை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று வேளை, ‘எச்.எஸ்.’ என்றால் படுக்கப் போகும்போது. இவற்றைச் சொல்லித்தர யாருக்கும் 38,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு கைப்பழக்கம். உங்கள் ஊரில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் வீடு வீடாகப் போகிறவர் இருப்பார். 2021-இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு விடுமுறை நாளில் அவரோடு நடங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் என்று எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். படுக்கைப்புண் வந்த ஒரு முதுகைப் பார்த்தும் இந்த வேலையில் மனம் நிற்கிறதா என்று அன்றே தெரிந்துவிடும்.

மனம் நின்றால், ‘பொதுப் பணி உதவியாளர்’ என்ற பயிற்சியைத் தேடுங்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, தள்ளுவண்டியில் மாற்றுவது எல்லாம் அதில் வரும். மருத்துவமனையில் நின்று பழகுவதும் பயிற்சியின் பகுதி. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இதை நடத்தினால் மாணவர் கட்டணம் கட்ட வேண்டாம். நாகர்கோவிலில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அது பகல் வகுப்பாகத்தான் இருக்கும். உங்கள் 22,000 ரூபாய் அதற்காகத்தான். கூலி இல்லாத அந்த மாதங்களுக்கு அரிசிக்கும் பஸ்ஸுக்கும் அது வேண்டும்.

கவுன்சிலில் பதிவு செய்யும் படிப்புதான் வேண்டும் என்றால் ஏ.என்.எம். கதவு அடைபடவில்லை, பன்னிரண்டில் அறிவியல் எடுக்காதவர்களும் சேரலாம். சேர்க்கை அறிவிப்பில் வயது விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லித் திருவனந்தபுரத்துக்கு ஆள் எடுப்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். கௌரவமான வேலைதான். ஆனால் வீட்டுக்காரர்கள் ஊசி போடச் சொன்னால் போடாதீர்கள். பதிவு இல்லாத கையால் போட்ட ஊசிக்கு நாளை உங்களைத்தான் நிறுத்திக் கேட்பார்கள்.

கேள்வி: மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். ‘மெடிக்கல் கோடிங்’ வீட்டிலிருந்தே படிக்கலாம் என்கிறாள். இதுவும் ஏமாற்றுதானா?
— ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: இல்லை ஐயா. இது நோயாளியைத் தொடும் வேலையே அல்ல. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை எழுதுவது. அதை மேசையில் உட்கார்ந்து கற்கலாம். உயர் ரத்த அழுத்தம் என்றால் ஐ10, ஆஸ்துமா என்றால் ஜே45. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மகள் இரண்டு மாதம் உடற்கூறியலையும் மருத்துவச் சொற்களையும் தானே படிக்கட்டும். சலிக்காமல் இருந்தால் அப்போது பணம் கட்டுங்கள். இந்த வேலைக்கான சான்றிதழ்த் தேர்வுகளில் ஒன்றான ‘சி.பி.சி.’ நான்கு மணி நேரம், நூறு கேள்விகள். ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் வேண்டும். வேலை பெரும்பாலும் சென்னை, கோவை, திருச்சிப் பக்கம்தான். அவளை அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். "நூறு சதவீத வேலை உறுதி" என்று எழுதித் தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: குலசேகரத்தில் மருந்துக் கடையில் மூன்று வருடமாகப் பகல் வேலை. மருந்தாளுநர் டிப்ளமோவான டி.பார்ம். படிப்பை இரவில் வீட்டிலிருந்து படிக்க வழி உண்டா?
— வாசகர், 21 வயது

பதில்: கிடையாது, தம்பி. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி பதிவு செய்ய, கல்லூரிக்கு நேரில் போய் இரண்டு ஆண்டு படித்து, 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். கடையில் நின்ற மூன்று வருடம் அதற்குக் கணக்கில் வராது. ஆனால் மாத்திரைப் பெயர்கள் உங்களுக்கு இப்போதே தெரியும். வகுப்பில் அது பெரிய உதவி. முதலாளியிடம் பேசிப் பாருங்கள்: மாலை ஐந்து முதல் கடை மூடும்வரை வேலை, பகலில் கல்லூரி.