பழைய ஆஸ்பிரினில் 104 சதவீதம் வருவது ஏன்?

கேள்வி: கடலோர ஊரான மண்டபம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். 75 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரைகளைப் பொடித்து, 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தால் தரம்பார்த்தோம், அதாவது அமிலத்தை முடிக்க எவ்வளவு காரம் இறங்குகிறது என்று அளந்தோம். மாத்திரைகள் வெகுநாள் திறந்த டப்பாவில் கிடந்தவை. அப்படியும் லேபிளில் உள்ள அளவில் 104 சதவீதம் காட்டுகிறது. மருந்து எப்படிக் கூடும்?

பதில்: மருந்து கூடவில்லை. பியூரெட் (காரம் இறக்கும் அளவுக் குழாய்) அளப்பது அமிலத்தை மட்டும்தான். அது எதிலிருந்து வந்த அமிலம் என்பது அதற்குத் தெரியாது.

முதலில் உங்கள் காரக் கரைசலைச் சந்தேகப்படுங்கள். கடற்காற்றில் பாட்டிலைத் திறந்து எடை போடுவதற்குள் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நீர் கோத்துப் பளபளக்கும். தராசு அந்த நீரையும் சேர்த்தே காட்டும். கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் காரத்தைத் தின்றிருக்கும். 300 மி.கி. ஆஸ்பிரினுக்கு (நான்கு மாத்திரை) 0.1 மோலார் காரம் 16.65 மி.லி. போதும் (1 மி.லி.க்கு 18.02 மி.கி.). அந்தக் கரைசல் உண்மையில் 0.096 மோலார் என்றால் 17.34 மி.லி. இறங்கும். உங்கள் 104 அங்கேயே வந்துவிடும். அதனால் துல்லியமாக எடைபோடக்கூடிய அமிலமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவைத்து, 0.4084 கிராம் எடுத்து அன்றன்றைக்கே தரப்படுத்துங்கள். காரம் சரியாக 0.1 மோலார் இருந்தால் 20 மி.லி. இறங்க வேண்டும்.

அதன் பிறகும் 104 வந்தால் மாத்திரையே கெட்டிருக்கலாம். ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். ஒரு அமிலம் இருந்த இடத்தில் இரண்டு. 100 பங்கில் 4 பங்கு சிதைந்தால் 96-உம் 8-உம் சேர்ந்து 104. அதாவது உண்மை மருந்து 96 தான்! டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? அசிட்டிக் அமிலம் பறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது முழுதும் போய்விட்டால் அளவு மறுபடி 100-க்கே திரும்பும். 104 வந்தால் நாம் சந்தேகப்படுவோம்; 100 வந்தால் ஏமாந்துபோவோம், எனக்குக் கவலை அதில்தான். அதிகக் காரத்தில் கொதிக்கவைத்து மிச்சத்தை அளக்கும் பின்தரம்பார்த்தலும் இங்கே உதவாது. நல்ல ஆஸ்பிரினுக்கும் இரண்டு மோல் காரம், அசிட்டிக் அமிலம் பறக்காதவரை சிதைந்ததற்கும் இரண்டு மோல்தான்.

ஆகவே பொடியில் சிட்டிகை எடுத்து ஆல்கஹாலில் கலக்கி, ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விடுங்கள். கரும் ஊதா நிறம் வந்தால் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. எவ்வளவு என்று தனியாக அறிய எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கும் கருவி) போன்ற ஒன்று வேண்டும்.

அப்புறம், காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலின் சேர்த்து நடுநிலையாக்கிய குளிர்ந்த ஆல்கஹாலில், தாமதிக்காமல் தரம்பாருங்கள். காரத்தில் ஆஸ்பிரின் குடுவையிலேயே உடையும். இளஞ்சிவப்பு தோன்றி மெல்ல மங்கினால் விரட்டிக்கொண்டு போகாதீர்கள், முதலில் நின்ற நிறமே முடிவு. மாணவர்களுக்குத் தொல்லையில்லாத பாடம் வேண்டுமென்றால் ஐபுபுரூஃபன் எடுங்கள். அதில் ஆஸ்பிரினில் இருப்பதுபோல் நீரில் உடையும் எஸ்டர் பிணைப்பு கிடையாது; 1 மி.லி. காரத்துக்கு 20.63 மி.கி. ஐபுபுரூஃபன் என்று கணக்கு. டைக்லோஃபெனாக் சோடியமோ அமிலம் அல்ல, உப்பு என்பதால் இந்த முறை அதற்குப் பொருந்தாது.