பீட் நிலத்தில் உள்ள சத்துகள் பழைய காட்டுத்தீயைப் பற்றி எப்படிச் சொல்கின்றன?

நீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே செத்த செடிகள் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் பீட். பழைய செய்தித்தாள் கட்டு மாதிரி, அடியில் இருப்பதே மூத்தது.

பீட் நிலத்தில் வளரும் ஸ்பேக்னம் என்ற பாசியில் நைட்ரஜன் மிகக் குறைவு; கோரையிலும் மர இலைகளிலும் அதைவிட அதிகம். ஆகவே கார்பன், நைட்ரஜன் விகிதம் சட்டென மாறும் ஆழத்தில் தாவரமும் மாறியிருக்கலாம். தீ பிடித்தால் நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். கால்சியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். ஆனால் பாஸ்பரஸை வேர்கள் மேலே இழுத்துக்கொள்வதால், என் கணக்கில் அது அரைகுறை சாட்சிதான். தீதான் என்று உறுதியாகச் சொல்ல, அதே அடுக்கில் கரித்துகளும் மகரந்தமும் ஒத்துப்போக வேண்டும். கடுந்தீயில் பீட்டே எரிந்து, அந்தச் செய்தித்தாள் கட்டிலிருந்து சில தாள்கள் காணாமல் போவதும் உண்டு.

கறுப்பு அடுக்கெல்லாம் தீயின் தடம் என்று பலர் நினைக்கிறார்கள். தீயே படாமல் நன்றாக மட்கிய பீட்டும் கறுப்பாகத்தான் இருக்கும்.