கணினி கேள்வி-பதில்: வீட்டில் விமானம் ஓட்ட என்ன வாங்கலாம்?

கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவது குறித்து வந்துள்ள கடிதங்களில் நான்கினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சிறு வயதிலிருந்து மனத்தில் கிடக்கும் விமான ஆசையைப் பணி ஓய்வுக்குப் பிறகு கணினியிலாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். விசாரித்த இடத்தில், இருப்பதிலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் போட்டுக்கொண்டால் மற்றவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள். மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, எக்ஸ்-பிளேன் 12 என்று இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: அந்த யோசனை துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்குச் சரியாக இருக்கலாம், விமானத்துக்குச் சரிப்படாது. விமானத்தின் மீது காற்று செலுத்தும் விசைகள், மின்சார, எரிபொருள் அமைப்புகளின் நிலை, சுற்றிலும் பறக்கும் பிற விமானங்கள், அடுத்து வரவிருக்கும் நிலப்பரப்பு ஆகியவற்றையெல்லாம் நொடிக்குப் பலமுறை கணக்கிட்ட பிறகுதான் வரைய வேண்டிய காட்சி கிராபிக்ஸ் கார்டின் கைக்குப் போகிறது. இந்தக் கணக்கில் பெரும்பகுதி செயலியின் ஒரே ஒரு கோரில் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பிரிவுகளில் ஒன்றில்) வரிசையில் நின்று நடக்கிறது. பத்துப் பேர் காய் நறுக்கினாலும் அடுப்பு ஒன்றுதான் என்றால் சமையல் அந்த அடுப்பின் வேகத்தில்தான் முடியும் அல்லவா? ஆகவே செயலியில் எத்தனை கோர்கள் என்று எண்ணுவதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகமானது, அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ள அதன் அருகிலேயே இருக்கும் எல்3 கேச் நினைவகம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதே பயன் தரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் வழக்கமான ரைசன் 7 5800எக்ஸ் செயலியில் 32 எம்பி எல்3 கேச் இருக்க, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி செயலியிலும் அதற்கு அடுத்த ஆண்டு வந்த 7800எக்ஸ்3டி செயலியிலும் 96 எம்பி வைத்தார்கள். கணினியில் விமானம் ஓட்டுபவர்கள் இவற்றை விரும்பித் தேடியதற்கு அதுவே காரணம்.

கிராபிக்ஸ் கார்டு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. 1080 திரையில் (மேலிருந்து கீழாக 1080 புள்ளி வரிசைகள் கொண்டது) ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் என்றால் 4கே திரையில் அதைப் போல நான்கு மடங்கு, அதாவது 80 லட்சத்துக்கு மேல்; அந்தச் சுமை முழுவதும் கார்டின் தலையில்தான் விழுகிறது. எனவே திரையை முதலில் தீர்மானித்து, அதற்கு ஏற்ற கார்டை எடுப்பதே முறை. 27 அங்குல 1440 திரையும், 12 ஜிபி நினைவகம் கொண்ட நடுத்தரக் கார்டும் பெரும்பாலானோருக்குப் போதும் என்பது என் கருத்து. கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால், கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் காட்சி விட்டுவிட்டு நகரும். நொடிக்கு 30 ஃபிரேம்கள் (அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்கள்) சீராகக் கிடைத்தால் விமானம் ஓட்டத் தாராளமாகப் போதும். 70க்கும் 25க்கும் இடையே ஊசலாடுவதைவிட அதுவே கண்ணுக்கு இதம். குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். போன்ற வசதிகளால் ஃபிரேம்களைக் கூட்டலாம் என்றாலும், விமானி அறைத் திரைகளில் ஓடும் உயர, வேக எண்கள் நிழலடித்து மங்கும்போது, வெளியே மலை அழகாகத் தெரிந்து என்ன பயன் என்று தோன்றிவிடும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, எதைப் பார்க்க ஆசை, எதைப் பழக ஆசை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் மென்பொருள் உலகின் நிலப்பரப்பைச் செயற்கைக்கோள் மற்றும் வான்வழிப் படங்களிலிருந்து உருவாக்கி, நீங்கள் பறக்கப் பறக்க இணையத்தின் வழியே அனுப்புகிறது. பிறந்த வீட்டின் கூரையை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பவருக்கு அதற்கு ஈடு வேறில்லை. ஆனால் 2024 பதிப்புக்கு 16 ஜிபி ரேமும் 10 எம்பிபிஎஸ் இணைய வேகமும் குறைந்தபட்சத் தேவை. 32 ஜிபியும் 50 எம்பிபிஎஸ் வேகமும் பரிந்துரை. எக்ஸ்-பிளேன் நிலப்பரப்பை உங்கள் வட்டிலேயே வைத்துக்கொள்வதால் இணையம் இல்லாமலும் பறக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிட்டுக் கூட்டும் அதன் முறையைப் பலர் விரும்புகிறார்கள். அதன் இலவச முன்னோட்டப் பதிப்பைத் தற்போதுள்ள கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். புதுக் கணினிக்கான பட்டியலை அதன் பிறகு எழுதலாம்.

கேள்வி: ஜாய்ஸ்டிக் வாங்குவதா, யோக் வாங்குவதா? காலால் மிதிக்கும் பெடல்கள் அவசியமா, ஆடம்பரமா?

பதில்: எந்த விமானத்தை அதிகம் ஓட்டப் போகிறீர்கள் என்பதே இதைத் தீர்மானிக்கும். செஸ்னா 172இலும் போயிங் பயணியர் விமானங்களிலும் இருப்பது இரு கைகளாலும் பிடிக்கும், காரின் ஸ்டியரிங் போன்ற யோக். இன்றைய ஏர்பஸ் விமானங்களில் பக்கவாட்டில் இருப்பது ஒரு கையால் பிடிக்கும் ஸ்டிக். இன்னும் முடிவாகவில்லை என்றால் முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) திரும்பும் ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. மேசையின் விளிம்பில் பொருத்தும் யோக் பல வீடுகளில் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடுவதால், அரைமணி நேரத்தில் தோள் வலி தொடங்கிவிடும். வாங்குவதற்கு முன் மேசையின் உயரத்தையும் பலகையின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். எதை வாங்கினாலும் உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டரா, ஹால் சென்சாரா என்று கேளுங்கள். முன்னது உரசி இயங்குவது. தூசு படிந்து தேயத் தேய, கை வைக்காதபோதும் விமானம் நடுங்கும். பின்னது காந்தப்புலத்தைக் கொண்டு அளப்பதால் அந்தத் தேய்மானம் அதற்குக் கிடையாது.

ரட்டரை இயக்கும் பெடல்களை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஒற்றை எஞ்சின் விமானம் முழு வேகத்தில் ஓடுபாதையில் விரையும்போது மூக்கு பெரும்பாலும் இடப்பக்கம் இழுக்கும். அதை வலது காலால் பிடித்து நிறுத்துவதும், பக்கக் காற்றில் தரையிறங்கும்போது கையும் காலும் எதிரெதிரே வேலை செய்வதும் முறுக்கும் ஜாய்ஸ்டிக்கில் சரியாகப் பழகாது. கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தில் பெடல்கள் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பெடலை அழுத்தினால் விமானம் திரும்புவதற்கு முன் நாற்காலி பின்னால் ஓடிவிடும் என்பதை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். சக்கரங்களுக்குத் தடை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காமல் விமானம் அதே நிலையில் பறக்கச் செய்யும் டிரிம் செயல்பாட்டை ஒரு பொத்தானுக்கோ சிறு சக்கரத்துக்கோ ஒதுக்குவதையும் மறக்க வேண்டாம். புதியவர்களில் பலர் அதைத் தொடாமல், ஸ்பிரிங்கின் எதிர்விசையோடு பயணம் முழுவதும் மல்லுக்கட்டுகிறார்கள்.

கேள்வி: என்னிடம் ஆறு ஆண்டுப் பழைய மடிக்கணினிதான் இருக்கிறது, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. செலவில்லாமல் ஏதேனும் வழி உண்டா?

பதில்: உண்டு. ஃப்ளைட்கியர் என்ற கட்டற்ற மென்பொருள் 1990களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது, முற்றிலும் இலவசம். காட்சிகள் எளியவை என்றாலும், கருவிகளைப் பார்த்துப் பறக்கவும் ரேடியோ வழிகாட்டிகளைப் பின்தொடரவும் தாராளமாகப் பழகலாம். பின்னாளில் புது மடிக்கணினி வாங்குவதாக இருந்தால், மடிக்கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் சிப், மேசைக் கணினியில் அதே பெயரில் வரும் கார்டைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் வேகத்திலும் குறைந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் மகள் விமானிப் பயிற்சியில் சேரவிருக்கிறாள். வீட்டுக் கணினியில் பறக்கும் நேரம் அவளுடைய பயிற்சிக் கணக்கில் சேருமா?

பதில்: சேராது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்த பயிற்சிச் சாதனத்தில், அந்த விதிகளின்படி பறந்த நேரம் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். எக்ஸ்-பிளேனின் தொழில்முறைப் பதிப்பு அத்தகைய சாதனங்களில் பயன்படுகிறது என்பதால் வீட்டுப் பதிப்புக்கும் அந்தத் தகுதி வந்துவிடாது. ஆனாலும் சரிபார்ப்புப் பட்டியலை வரிசை பிசகாமல் சொல்லிப் பழகவும், கருவிகள் எங்கே இருக்கின்றன என்று கண் தானாகத் தேடிப் போகவும் இது பெரிதும் உதவும். வீட்டில் மட்டும் பழகியவர்கள் உண்மையான விமானத்தில் வெளியே அடிவானத்தைப் பார்க்காமல் கருவிப் பலகையையே உற்றுப் பார்ப்பார்கள் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. வெப்கேமை வைத்தே தலையசைவைக் கண்டறிந்து காட்சியைத் திருப்பும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளை நிறுவிக் கொடுத்து, அவ்வப்போது கருவிகளை மறைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். பயிற்சிப் பள்ளியில் எந்த விமானத்தில் கற்றுத் தருவார்கள் என்று கேட்டு, வீட்டிலும் அதே வகையை, அவர்கள் கொடுக்கும் அதே சரிபார்ப்புப் பட்டியலோடு ஓட்டட்டும்.