உகந்தையில் கூட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொண்டேன். லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவேன். மார்ச்சில் இலங்கை போனபோது தெற்குக் கரை வெலிகமவில் ஒரே அலையில் ஏழு பேர் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் போர்டு இன்னொருவர் மண்டையில். வெறுத்துப்போய் ஜூலையில் கிழக்குக் கரை அறுகம்பைக்கு வந்தேன். மெயின் பாயிண்டில் விடியுமுன்பே வரிசை. விஸ்கி பாயிண்ட், பீனட் ஃபார்ம் எங்கே போனாலும் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்களின் அரைகுறை ஆங்கிலத்தில் வழி கேட்டுக் கேட்டு, கடைசியில் பாணமையைத் தாண்டி ஒரு முனையைக் கண்டுபிடித்தேன். இரண்டு நாள் நான் மட்டும். கூட்டத்தில் எனக்கு மூச்சு முட்டும் ஐயா. அங்கேதான் மூச்சு விட்டேன். மூன்றாம் நாள், முருகன் கோயில் இருக்கும் உகந்தையில் அலையைப் பார்க்கப் போனால் திருவிழாக் கூட்டம்! ஒலிபெருக்கி, அடுப்புப் புகை, பிளாஸ்டிக், ஆயிரக்கணக்கான ஆட்கள். தண்ணீரில்கூட இறங்காமல் திரும்பிவிட்டேன்.

என் கேள்வி இதுதான். அந்த முனையின் பெயரை என் பயணக்குறிப்பில் போடலாமா? போட்டால் சீக்கிரமே அது இன்னொரு வெலிகம ஆகிவிடும். போடாவிட்டால் சுயநலமாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

பிரவீன்

*

அன்புள்ள பிரவீன்,

கதிர்காமத் தீர்த்தம் முடிந்த கையோடு உங்கள் கடிதம் வந்திருக்கிறது. இந்த மாதங்களில் எனக்குக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் உகந்தைப் பாதை மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். கிழக்குக் கரையில் பிறந்த பலருக்கு உள்ள வியாதி. எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து கிண்டிவிட்டீர்கள். பெயர் போடலாமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். வராமலும் போகலாம்.

வெலிகம பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மணல் அடித்தளம், சாதுவான அலை, படிக்க வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டுத் தொட்டியில் ஆள் அதிகம் என்று குறைப்படுகிற மாதிரி இருக்கிறது. விடுங்கள்.

நீங்கள் வெலிகமவிலிருந்து தப்பி அறுகம்பைக்கு ஓடிவந்ததாக எழுதுகிறீர்கள். உங்களைக் கூட்டிவந்தது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. தென்சமுத்திரத்தில், அண்டார்டிக்கா பக்கத்துப் புயல்களில் எழும்புகிற அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து எங்கள் முனைகளில் வளைந்து உடைகிறது. மே முதல் செப்டம்பர் வரை அதற்கு நல்ல காலம். அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கரையில் கடலிலிருந்து அடித்து அலையைக் குழப்பிவிடும். கிழக்கில் அதே காற்று மலைநாட்டைத் தாண்டி, ஈரமெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, தரையிலிருந்து கடலுக்கு வீசும். விடியற்காலையில் அலையின் முகம் சுருக்கமில்லாமல் நின்றதைப் பார்த்திருப்பீர்களே, அது கச்சானின் தயவு. உங்கள் போனில் உள்ள சர்ஃப் ஆப் இதைத்தான் அம்புக்குறியாகக் காட்டுகிறது.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இதே கணக்கில் கரை மாறுகிறவர்கள். தங்கள் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக்கு வருவார்கள். கரையில் வாடி என்கிற குடிசை அடிப்பார்கள், கருவாடு போடுவார்கள், வாடைக்காற்று தொடங்குமுன் திரும்பிப் போவார்கள். நீங்களும் வந்திருக்கிறீர்கள், வலைக்குப் பதில் போர்டோடு. அந்த முனையைக் கண்டுபிடித்ததாக எழுதியது இருக்கட்டும். பெயர் சொல்லாவிட்டாலும் அது எது என்று எனக்குத் தெரியும். பாணமைப் பெடியன்கள் எல்லாருக்கும் தெரியும்.

கரை காலியாக இருந்தது என்று சந்தோஷப்பட்டீர்கள். ஏன் காலியாக இருந்தது என்று யாரிடமாவது கேட்டீர்களா, தம்பி?

அறுகம்பையிலிருந்து பாணமைக்குப் போகும் வழியில் கடலோரமாக ராகம்வெல, சாஸ்திரவெல என்று இடங்கள் உண்டு. காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்து, குளத்திலும் களப்பிலும் மீன் பிடித்து வாழ்ந்த ஏழைகள். 2010 ஜூலையில் ஒரு இரவு ஆயுதங்களோடு வந்தவர்கள் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் 350 குடும்பங்கள் அளவில் நிலத்தை இழந்தன. பிறகு வேலி வந்தது, படைமுகாம் வந்தது, கடற்படை நடத்தும் விடுதியும் வந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று 2015இல் அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் அந்தச் சனங்கள் போராடித்தான் காலம் கழித்தார்கள். பாணமைக்காரர்கள் யார் தெரியுமா? சிங்களமும் தமிழும் ஒன்றுக்குள் ஒன்று கல்யாணம் கட்டிக் கலந்த ஊர். பத்தினித் தெய்யோ என்று அவர்கள் கும்பிடுவது நம் கண்ணகியை. எங்கள் ஊர்களில் கண்ணகிக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பைப் பூட்டி இழுக்கும் கொம்புமுறி நடத்துவது போல அவர்களுக்கு அங்கெலிய. போர் நடந்த முப்பது வருடத்திலும் ஊரைப் பிரிக்காமல் வைத்திருந்த மனிதர்களைப் போர் முடிந்த அடுத்த வருடம் கரையைவிட்டு விரட்டினார்கள். நீங்கள் ஆட்டோவில் அந்த வேலிகளைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

அதற்கு முன் சுனாமி. 2004 டிசம்பர் 26. கடல் திரும்பிப் போன பிறகு அரசாங்கம் தடைவலயம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர், அதற்குள் வீடு கட்டக்கூடாது. பாதுகாப்புக்காம். அறுகம்பைக் கரையிலுள்ள உல்லையில் தோணி இழுத்து வைத்துக்கொண்டு மணலில் குடியிருந்தவனை உள்ளே போகச் சொன்னார்கள். ஹோட்டல்காரர் இருந்த இடத்திலேயே திருத்திக் கட்டினார். கடல் யாரைக் கொல்லும், யாரைக் கொல்லாது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது போலும். மீனவர்கள் ஊர்வலம் போனார்கள், கத்தினார்கள், பிறகு விதி தளர்ந்தது. தளர்வதற்குள் சிலர் கரையை விட்டிருந்தார்கள். கரை தானாகக் காலியாவதில்லை. யாரோ எழும்பிப் போயிருப்பார்கள், அல்லது எழுப்பியிருப்பார்கள்.

இப்போது உகந்தை. உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்ட இடம் இதுதான், இதை விடமாட்டேன்.

பிளாஸ்டிக் பற்றிச் சொன்னது சரி. ஒலிபெருக்கி எனக்கும் பிடிக்காது. ஆனால் “திருவிழாக் கூட்டம்” என்று முகம் சுளித்தீர்களே, அது யார் கூட்டம் என்று பார்த்தீர்களா? வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகவே வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள். திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் சேர்ந்துகொண்டவர்கள். உகந்தையில் காட்டுவழி திறக்கும்வரை காத்திருப்பார்கள். திறந்ததும் குமணைக் காட்டுக்குள் இறங்கி, கும்புக்கனாறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாலைந்து நாள் யானைக்காட்டில் நடந்து கதிர்காமம் சேர்வார்கள். தலையில் அவலும் அரிசியும் இருக்கும். ஆளை ஆள் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் கேட்க மாட்டார்கள். போரில், 1985இல், அந்தக் காட்டை, அப்போதைய யால கிழக்குத் தேசியப் பூங்காவை, மூடினார்கள். 2003இல்தான் திரும்பத் திறந்தது. அந்த வருடங்களில் உகந்தைக் கரை எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லை, அடுப்புப் புகை இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

முருகன் உகந்தைக்குக் கல்லோடத்தில் வந்து இறங்கினான் என்பது ஐதீகம். அந்தப் பாறையைக் கரையில் இன்றும் காட்டுவார்கள். ஆகவே உகந்தை முனையில் அலையேறிக் கரை சேர்ந்த முதல் ஆள் நீங்களும் இல்லை, ஆஸ்திரேலியாக்காரனும் இல்லை. ஆடித் தீர்த்தத்தன்று அதே கடலில்தான் சாமி இறங்கித் தீர்த்தமாடும். இத்தனை பேர் கால் நனைக்கிற தண்ணீரில் நீங்கள் மட்டும் இறங்காமல் வந்தீர்கள். சர்ஃபர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள்!

சமாதான காலத்தில், பாதை திறந்த புதிதில், தம்பிலுவில் பெரியம்மாவோடு நானும் உகந்தை வரை போனேன். பெரியம்மாவுக்கு அப்போதே முழங்கால் சரியில்லை. மலைச்சுனையில் குளித்துவிட்டு, ஈரச்சேலையை இரண்டு பாறைக்கு நடுவே பிடித்துக் கட்டி, அதன் நிழலில் காலை நீட்டிக் குந்தியிருந்தா. வெடித்த குதிக்காலில் வேப்பெண்ணெய் போட்டபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தா. வெளியே ஒரு வெள்ளைக்காரன். போர்டில் எழும்புவான், விழுவான், நீந்திப் போவான், திரும்ப எழும்புவான், திரும்ப விழுவான். சுமாரான ஆட்டக்காரன் என்று இப்போது விளங்குகிறது. பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா: “என்ன நேத்தி மனே இது? விடிஞ்சதில இருந்து விழுந்து விழுந்து எழும்புறான்.”

நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை, விளையாட்டு என்றேன். நம்பவில்லை. விளையாட்டுக்கு ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு அடி வாங்குவானா? அவன் கரையேறித் துவாயைத் தேடியபோது அதன்மேல் ஒரு சரை அவலும் சர்க்கரையும் இருந்தது. இடது முழங்கையில் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. சுற்றிலும் பார்த்தான். யார் வைத்தது என்று தெரியாமல் பொதுவாக எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நின்றபடியே தின்றான். பெரியம்மாவுக்குத் திருப்தி. அவனையும் சாமிக் கணக்கில் சேர்த்துவிட்டா.

அந்தக் கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு சரை அவல் கிடைத்திருக்கும். நீங்கள் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்று. “அரைகுறை ஆங்கிலம்” என்று எழுதியிருக்கிறீர்கள். பொத்துவிலில் உங்களை ஏற்றிய ஆட்டோக்காரரோடு ஆங்கிலத்திலா கதைத்தீர்கள்? தம்பி, பொத்துவில் முஸ்லிம்கள் தமிழில் பிறந்து தமிழில் சாகிறவர்கள். மெயின் பாயிண்டில் உங்களுக்கு முன்னால் அலையைப் பிடித்த பெடியன் தமிழில்தான் உங்களைத் திட்டியிருப்பான். அந்த ஊர்ப் பெண்கள் 2018இல் தங்களுக்கென்று ஒரு சர்ஃப் கிளப் தொடங்கினார்கள். வீட்டிலும் தெருவிலும் பேச்சு வாங்கிக்கொண்டு போர்டைத் தூக்கியவர்கள். அவர்களோடு அரை மணி நேரம் தமிழில் கதைத்திருந்தால் அலையைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி, யார் எந்த வளவை விற்றார்கள் என்பது பற்றியெல்லாம் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து வந்தும் பின்லாந்துக்காரன் மாதிரி திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

இவ்வளவு ஏசிய பிறகு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் மூச்சு முட்டும் என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அது பொய்யில்லை என்று தெரிகிறது. ரயிலில் நின்று போய், நாலு பேரோடு அறையைப் பகிர்ந்து, திரையைப் பார்த்தே பகல் முடிகிற பிள்ளைக்கு யாருமில்லாத கடல் வேண்டியிருப்பதில் ஒரு பிழையும் கிடையாது. எனக்கும் வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாள் உங்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், உண்மையாக. அடுத்த வருடமும் வாருங்கள். காட்டுவழி திறக்கும் நாளைக் கேட்டுவிட்டு, அதற்கு இரண்டு நாள் முன்பே உகந்தைக்கு வாருங்கள். விடியற்காலையில் அலை உங்களுக்கு. பத்து மணிக்குக் காற்று மாறிக் கடல் கெட்டதும் கரையேறி, அன்னதானப் பந்தியில் உட்காருங்கள்.

பெயர் விஷயம். போட்டாலும் போடாவிட்டாலும் யாராவது ஒருவர் படத்தோடு போடத்தான் போகிறார். போடுவதானால் ராகம்வெல பற்றியும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அங்கே வந்து போகிறவர்கள் ஒழுங்காக வந்து போகட்டும். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் பாதையில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போகக் கூடாது என்பதையும் எழுதுங்கள், யானை நிற்கும். வாடகை சைக்கிள்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.