சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் சொல்லும் பாகுபாடு வெறும் சாட்டா?

அமெரிக்காவில் போதைச் சிகிச்சைக்கு வரும் கறுப்பின நோயாளர் பலர் வைத்தியரை நம்பாமல் இடையில் விலகுவதாக வாசித்துவிட்டு, இது பழக்கத்தை விட மனமில்லாதவர்களின் சாட்டா, கொழும்பிலும் இப்படி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்லன். கொழும்பு வடக்கில் தூள் எனப்படும் ஹெரோயினிலிருந்தும் குடியிலிருந்தும் மீள முயல்பவர்களோடும் அவர்களின் குடும்பத்தினரோடும் தன்னார்வத் தொண்டனாகப் பல வருடங்கள் பழகியவன். சாட்டுச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் கண்ட அவநம்பிக்கையில் பெரும்பகுதிக்குக் காரணம் இருந்தது; அதை அவர்கள் போய் வந்த இடங்களில்தான் தேட வேண்டும்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் டஸ்கீகியைச் சொல்வார்கள்: 1932 முதல் 1972 வரை அலபாமாவில் சிபிலிஸ் நோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களை, பென்சிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், சிகிச்சை தராமல் அரசின் சுகாதாரத் துறையே அவதானித்துக்கொண்டிருந்தது. ஆயினும் அதோடு நிறுத்திவிட்டால் இது தாத்தா காலத்துக் காயம் என்று தோன்றிவிடும். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களை நம்பிய வெள்ளையின மருத்துவ மாணவர்களும் பயிற்சி வைத்தியர்களும் அவர்களின் வலியைக் குறைத்து மதிப்பிட்டதை வெளிப்படுத்திய வேர்ஜீனியப் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தது 2016 இல்தான். போதைச் சிகிச்சையில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்குத் தரப்படும் பியூப்ரினோஃபினுக்கு அங்கே 2002 இல் அனுமதி கிடைத்தது. சாதாரண வைத்தியரிடம் மருந்துச் சீட்டு வாங்கி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான மெத்தடோனுக்கோ தனிக் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் அநேகமாக நாள்தோறும் வரிசையில் நின்று, தாதியின் கண்முன்னே விழுங்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் வெள்ளையருக்கும் கையில் காசு அல்லது காப்புறுதி உள்ளவர்களுக்குமே போய்ச் சேர்ந்ததை 2019 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒரே நோய்க்கு ஒருவருக்கு மருந்துச் சீட்டும் மற்றவருக்குக் காவலும் கிடைக்கும்போது, இரண்டாமவர் எதை நம்பி மனம் திறப்பார்?

கொழும்பில் நிலைமை வேறு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; தமிழர் என்பதற்காக எவரையும் வாசலில் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. இங்கே பாகுபாடு வசையாக வருவது அபூர்வம், பேச்சுச் சுருங்குவதாகவே வருகிறது. சிங்களம் சரளமாக வராத ஒருவரிடம் கேட்கப்படும் கேள்விகள் குறைகின்றன, விளக்கங்கள் குறைகின்றன, கடைசியில் மருந்துத் துண்டு மட்டும் கைக்கு வருகிறது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது வார்ட்டுக்குள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

சளிக்கும் காய்ச்சலுக்கும் இதைச் சமாளித்துவிடலாம், போதைச் சிகிச்சையில் முடியாது. எவ்வளவு பாவிக்கிறீர்கள், எதோடு சேர்த்து, கடைசியாக எப்போது, பணம் எங்கிருந்து வருகிறது, ஊசி பகிர்ந்தீர்களா என்பவற்றையெல்லாம் நோயாளியின் வாயிலிருந்துதான் பெற வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை பாவித்தாரா என்பதைச் சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்பொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு அவருடைய அம்மாவே மொழிபெயர்த்தார். அம்மாவுக்கு முன்னால் எந்தப் பிள்ளை நகையை அடகு வைத்த கதையைச் சொல்லும்? அவர் பாதியைச் சொன்னார், அம்மா அதிலும் பாதியைச் சொன்னார், வைத்தியர் அந்தக் காற்பங்கை வைத்து முடிவெடுத்தார். சில நாட்களில் நடுக்கம் தாங்காமல் அவர் எழுந்து போய்விட்டார்; கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்பட்டதாக அறிந்தேன். அந்த வைத்தியர் கெட்டவர் அல்லர், உண்மையில் பொறுமைசாலி. ஆனால் மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறையை நோயாளியின் குணமாகப் பதிந்தது அந்தக் கோப்பு.

இதற்குமேல் பொலிஸ் பயம் இருக்கிறது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பியதையும், உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் மறக்காத குடும்பங்களுக்கு, பெயரையும் நிரந்தர முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்கும் எந்தப் படிவமும் சாதாரணப் படிவம் அல்ல. அதே 2007 இல் வந்த 54 ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்தது. இராணுவத்தினரின் மேற்பார்வையில் இயங்கிய கந்தக்காடு போதைப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். இந்தப் பயம் சிங்கள இளைஞருக்கும் உண்டு. ஏழை என்றால் இனம் பாராமல் அடி விழும். ஆயினும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும், ஏற்கெனவே சந்தேகப்பட்டியலில் இருக்கிறோம் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. கொவிட் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அந்நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்த நாட்டில், சுகாதாரத் துறை சொல்வதை அப்படியே நம்புங்கள் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தேவைப்பட்டுக் கேட்கிறீர்கள் என்றால், தமிழ் பேசும் உளவளத்துணையாளர் எந்த நாளில் வருவார் என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு போங்கள். கூடப் போங்கள், ஆனால் அறைக்கு வெளியே இருங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவையென்றால் உறவுக்காரர் அல்லாத ஒருவரைக் கூட்டிப் போங்கள். பதியப்படும் விவரம் யாருடைய கைக்குப் போகும் என்பதை முதல் நாளே கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.