பாட்டி வீட்டுப் பவுனும் அரிய காசும்: வாசகர் கேள்வி – பதில்

பாட்டியின் காசு மாலையில் 1918 என்று போட்ட ஒரு பவுன் இருக்கிறது. வருஷத்துக்கு மேலே பொடியாக ஆங்கில ‘ஐ’ எழுத்து. அது பம்பாயில் அடித்த காசு, பத்து லட்சத்துக்குப் போகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறாரே, நிஜமா? – வாசகி, காரைக்குடி

பம்பாய் என்பது நிஜம். பத்து லட்சம் என்பது அவர் பார்வையாளர்களுக்காகச் சொன்னது. முதல் உலகப் போர் சமயத்தில் லண்டன் ராயல் மின்ட் (பிரிட்டிஷ் அரசின் நாணயச்சாலை) பம்பாயில் ஒரு கிளை திறந்தது. 1918 ஆகஸ்டில் தொடங்கி மறு வருஷம் ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். அங்கே அடித்த சவரன் (நாம் பவுன் என்று சொல்கிற அதே பிரிட்டிஷ் தங்கக் காசு) 12,95,372, எல்லாவற்றிலும் 1918 என்றே இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால், அதே எடையில் அதே அளவில், பின்பக்கம் ‘15 ரூபாய்’ என்று எழுதிய தங்கக் காசும் அங்கேயே 21 லட்சம் சொச்சம் அடித்தார்கள் (ஒரு சவரனுக்கு அன்றைய சர்க்கார் கணக்கு 15 ரூபாய்தான்). பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியச் சவரனில் இருக்கும் ஒரே வருஷம் 1918 என்பதால் சேகரிப்பவர்களுக்கு உங்கள் காசின் மேல் ஆசை உண்டு, தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவும் கிடைக்கும். ஆனால் மாலையில் கோப்பதற்காக ஆசாரி மேலே ஒரு காது பற்றவைத்திருப்பார் இல்லையா, அங்கேயே அந்தக் கூடுதல் போய்விட்டது. காதை வெட்டி எடுத்துத் தேய்த்து மறைத்தாலும் லென்ஸில் பார்த்தால் விளிம்பின் வரிகள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கித் தெரியும். மாலையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உதிரிக் காசைவிட பழைய மாலைக்கே மதிப்பு அதிகம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்கிற வேலையும் வேண்டாம்.

எத்தனை காசுக்குள் அடித்திருந்தால் ‘அரிது’ என்று சொல்லலாம்? – வாசகர், ஈரோடு

அப்படி ஒரு கோடு கிடையாது. அடித்தது எத்தனை என்பதைவிட மிச்சம் எத்தனை என்பதுதான் கணக்கு. 1917 லண்டன் சவரனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், ஆனால் பெரும்பகுதி போர்க்காலக் கடனுக்காக அமெரிக்கா போய் அங்கே உருக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள், இன்று நல்ல காசு கிடைப்பது கஷ்டம். அமெரிக்காவின் 1927 டென்வர் 20 டாலர் காசு இன்னும் மோசம். 1,80,000 அடித்தார்கள், இன்று உலகத்தில் இருப்பது இருபதுக்கும் குறைவு. 1933-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மக்கள் கையிலிருந்த தங்கக் காசை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னார் அல்லவா, கஜானாவில் சும்மா கிடந்த மூட்டைகளும் சேர்ந்தே உலைக்குப் போயின.

உண்மையிலேயே குறைவாக அடித்ததும் உண்டு. 1819 லண்டன் சவரன் வெறும் 3,574, கனடாவின் ஒட்டாவாவில் 1916-இல் அடித்தது 6,111 (அதில் வருஷத்துக்கு மேலே ‘சி’ இருக்கும்). இவையெல்லாம் நம்மைப் போன்றவர்கள் ஏலப் பட்டியலில் படம் பார்க்கிற ரகம்.

இதில் ஏமாறுகிற இடம் எது என்றால், ‘உலகம் முழுக்க 999 மட்டுமே’ என்று வெல்வெட் டப்பாவில் போட்டு இப்போது விற்கிறார்களே, அந்தப் புதுக் காசுகள்தான். எண்ணிக்கை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 999 பேரும் டப்பாவைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஆயிரமாவது ஆள் ஒருவர் தேடி வந்தால்தானே விலை ஏறும்? என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்குச் சாதாரண விக்டோரியா சவரனாக நல்ல நிலையில் ஒன்று வாங்கலாம்.

ஒரு 1917 லண்டன் சவரன் விலைக்கு வருகிறது. நகைக்கடையில் காரட் பார்த்தேன், 22 வந்தது. வாங்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

அவசரப்படாதீர்கள். தங்கம் அசலாக இருந்தும் காசு போலியாக இருக்கலாம். 1950, 60-களில் பெய்ரூட்டிலும் இத்தாலியிலும் கள்ள சவரன் ஏராளமாக அடித்தார்கள், சரியான தங்கத்திலேயே, ஏனென்றால் அப்போது காசின் விலை அதிலிருக்கும் தங்கத்தைவிட அதிகம், அந்த வித்தியாசமே லாபம். கள்ளக் காசுக்காரர்கள் விரும்பி அடித்த வருஷங்களில் 1917 லண்டனும் ஒன்று. 7.98 கிராம் எடை, 22.05 மில்லிமீட்டர் அகலம் இரண்டையும் முதலில் பாருங்கள். அப்புறம் லென்ஸ். எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல் சோப்புக் கட்டிபோல் வழவழவென்றிருந்தாலும், வெற்று இடத்தில் பொடிப் பொடிப் பருக்கள் தெரிந்தாலும் சந்தேகம்தான். பின்பக்கத்தில் இருக்கும் குதிரைக்குக் கீழே, தரைக்கோட்டில் எழுத்து எதுவும் இல்லாவிட்டால்தான் லண்டன். அங்கே ‘எஸ்’ இருந்தால் சிட்னி, ‘பி’ இருந்தால் பெர்த், ‘எம்’ இருந்தால் மெல்போர்ன், அவை சாதாரணமாகவே கிடைக்கும். அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு லண்டன் விலை கேட்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் அந்த இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி நிறுவனம் சோதித்து சீல் வைத்த உறை இல்லாமல் தங்க விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் போகட்டும்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அப்பா விட்டுப்போன 1911 பவுன்கள் நான்கை அவனிடம் கொண்டுபோகலாமா? – வாசகர், கும்பகோணம்

கூடாது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசும் தொல்பொருள்தான், தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சொந்தக் காசு, குடும்பச் சொத்து என்ற பேச்செல்லாம் கஸ்டம்ஸில் எடுபடாது. இங்கே லாக்கரில் வைத்து மகன் பெயருக்கு எழுதிவையுங்கள், அதற்குத் தடை இல்லை.

(அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் என்ன செய்வது என்று பெயர் போடாமல் கேட்டவருக்கு: 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. கலெக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், எனக்கு இல்லை.)