நிறைய பேர் பின்தொடர்ந்தும் லைக், கமெண்ட் வராவிட்டால் என்ன நஷ்டம்?
பின்தொடர்பவர் எண்ணிக்கை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் உங்கள் நிறுவனப் பக்கத்தின் பதிவு போய்ச் சேர்வதே இல்லை. புதிய பதிவை முதலில் காட்டும் நேர வரிசையை இன்ஸ்டாகிராம் 2016-லேயே விட்டுவிட்டது. 2018-ல் ஃபேஸ்புக், மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைக்கும் பதிவுகளுக்குத்தான் முன்னுரிமை என்று அறிவித்து, நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்றும் சொல்லிவிட்டது. அதனால் யாரும் தொடாத பதிவு அப்படியே அமுங்கிவிடும், பிறகு காசு கொடுத்து விளம்பரமாகத்தான் காட்ட வேண்டியிருக்கும். பரிசுப்போட்டி வைத்துச் சேர்த்த லைக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருவர் உங்கள் பதிவை நண்பருக்கு அனுப்புகிறாரா, சேமித்து வைக்கிறாரா என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அப்புறம் கமெண்ட்டில் வரும் கேள்விகள்! வாங்க நினைப்பவர் எங்கே தயங்குகிறார் என்பதை அவரே வந்து சொல்கிறார், தயவுசெய்து அவருக்குப் பதில் போடுங்கள், முடிந்தால் அன்றைக்கே.